மகளிர் விரும்பும் சித்திரத் தொடர்களும் நம் கடமையும்

கதை கேட்கும் வேட்கை மனிதகுலத்தின் மிகப் பழைய வேட்கைகளுள் ஒன்று. திண்ணையில் கேட்ட கதையைப் பின்னர் அச்சில் படித்தோம்; அச்சில் படித்ததை வெள்ளித்திரையில் கண்டோம்; இன்று நம் பிள்ளைகள் உள்ளங்கையளவுத் திரையில் காண்கின்றனர். வடிவம் மாறும்போதெல்லாம் மூத்தோர் அஞ்சுவதும், பெண்மக்கள் கதையில் ஈடுபட்டால் இருமடங்கு அஞ்சுவதும் நம் நாட்டில் புதியன அல்ல. அத்தகைய அச்சம் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகின்றோம். ஜப்பானிலிருந்து வரும் ‘அனிமே’ எனப்படும் சித்திரத் தொடர்களை நம் மாணவியர் பெரிதும் விரும்பிக் காண்கின்றனர். மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவியரின் பைகளில் அத்தொடர்களின் மாந்தர் சாவிக்கொத்துகளாகத் தொங்குகின்றனர். இது நன்றா, தீதா என்று வீடுகளிலும் ஆசிரியர் அறைகளிலும் வினவப்படுகிறது. அவ்வினாவையே சற்று மாற்றிக் கேட்டல் வேண்டும் என்பது நம் கருத்து.

முதற்கண் நம் பிழையொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவோம்.

பறித்த குறிப்பேடு

சென்ற கல்வியாண்டில் ஒருநாள், இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருவர் பாடநூலுக்கு அடியில் வேறொரு குறிப்பேட்டை வைத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். வழக்கம்போல் அதைப் பறித்தோம். வழக்கம்போல் துறை அறையின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். சில நாள் கழித்து வேறொரு தாளைத் தேடுகையில் அக்குறிப்பேடு கையில் அகப்பட்டது. புரட்டிப் பார்த்தோம்.

பட்டினப்பாக்கத்துக் கடற்கரை அதில் வரையப்பட்டிருந்தது. கரையேற்றிய படகுகள், உலர்த்திய வலைகள், பழுதுபட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, அவற்றுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் அகன்ற கண்களோடு ஒரு சிறுமி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கொண்டுபோன தன் பெரியம்மாவை, அதன் பின்னர்ப் பிறந்த அச்சிறுமி தேடிச் செல்வதாகக் கதை அமைந்திருந்தது. சிறுமியின் ஆயா பேசும் இடமெல்லாம் உப்புக்காற்று வீசும் கடற்கரைத் தமிழ். சிறுமி பேசும் இடமெல்லாம் ஆங்கிலம்.

மாணவியை அழைத்து, ஏன் இவ்வாறு எழுதினீர் என்று வினவினோம். கடிந்துகொள்ளப் போகிறோம் என்று அஞ்சியவர், சற்றுத் தயங்கிப் பின் விடையிறுத்தார்: “எங்க ஆயா பேசுறது எழுத வருது, ஐயா. என் வயசுப் பொண்ணு மனசுக்குள்ள பேசுறதை எந்தத் தமிழ்ப் புத்தகத்திலயும் நான் படிச்சதில்லை. இங்கிலீஷ் எழுத்து ஓடுற அனிமேலதான் பார்த்திருக்கேன்.”

ஆண்டுகள் பலவாகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். அவ்விடைக்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

அக்கதைக்கு வித்து எது என்று கேட்டபோது ‘சுசுமே’ என்றார். மகோட்டோ ஷின்காய் இயக்கிய அப்படம் 2022-இல் ஜப்பானிலும், 2023 ஏப்ரல் 21 அன்று இந்தியாவிலும் வெளியாயிற்று. இராயப்பேட்டையில் திரையரங்கொன்றில் தோழியருடன் அவர் அதைக் கண்டிருக்கிறார். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் தாயை இழந்த குழந்தை வளர்ந்து பள்ளி மாணவியாகிறாள். பாழடைந்த ஊர்களில் திறந்துகிடக்கும் மாயக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிச் செல்லும் அவள், இறுதியில் தன் பழைய வீடிருந்த இடத்தை அடைகிறாள். இதுவே அப்படத்தின் கதை. ஜப்பானியரைத் தாக்குவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே அதுபோன்ற பேரலை நம் மெரினாவையும் சீனிவாசபுரத்தையும் தாக்கியது. அத்துயரை வளரிளம்பெண் ஒருத்தியின் கண்வழியே கூறும் கதை ஏதேனும் உண்டா என்று நம் துறை நூலகத்தின் அடுக்குகளில் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. நம் மாணவிக்கு நம் கடலின் கதையைச் சொல்லும் துணிவைத் தந்தது ஜப்பானியக் கடலின் கதையே.

பெண்டிர் தாமே சமைத்த கலை

இத்தொடர்கள் மகளிரைக் கவர்வதற்குக் காரணம் வண்ணமும் இசையும் மட்டுமே என்று கருதுவோர் உளர். அக்கருத்து முழுதும் பொருந்தாது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ‘மங்கா’ எனப்படும் படக்கதைகள். ஜப்பானில் சிறுமியர்க்கென்றே தனிப் படக்கதை இதழ்கள் உண்டு. ‘நகயோஷி’ 1954-இலும் ‘ரிபோன்’ 1955-இலும் தோன்றியவை. தொடக்கத்தில் அவ்விதழ்களில் எழுதியோர் பெரும்பாலும் ஆடவரே. ஒசாமு டெசுகா 1953-இல் எழுதத் தொடங்கிய, ஆண்வேடம் பூண்டு வாளேந்தும் இளவரசியின் கதை அக்காலத்தது.

அவ்விதழ்களைப் படித்து வளர்ந்த சிறுமியர் எழுதுகோலைக் கையிலெடுத்தபோது நிலைமை மாறியது. வாசகியர் அனுப்பும் படக்கதைகளுக்குப் போட்டி நடத்தி, குறைகளைச் சுட்டித் திருத்தி, தேறியவற்றை வெளியிடும் வழக்கத்தை இதழாசிரியர்கள் மேற்கொண்டனர். 1949-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த மோட்டோ ஹாகியோ, கெய்கோ டகேமியா முதலிய பெண் படைப்பாளர்கள் 1970-களில் மகளிர் படக்கதையின் போக்கையே மாற்றினர். ரியோகோ இகேடா 1972-இல் தொடங்கிய ‘வெர்சாயின் ரோஜா’ பிரெஞ்சுப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்டது. ஆண்மகன்போல் வளர்க்கப்பட்டு அரசியின் மெய்க்காவல் படைக்குத் தலைமை தாங்கும் பெண்ணே அதன் தலைவி. அது 1979-இல் நாற்பது பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராயிற்று.

குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து காணும் தொடர்களும் பெண்களின் படைப்பாக உள்ளன. மச்சிகோ ஹாசெகாவா என்னும் பெண்மணி 1946-இல் நாளிதழில் வரையத் தொடங்கிய ‘சசாயே-சான்’ ஓர் எளிய இல்லத்தரசியின் அன்றாட வாழ்வைச் சொல்வது. 1969 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடர் அரை நூற்றாண்டைக் கடந்து நடைபெற்று, உலகின் மிக நீண்ட சித்திரத் தொடர் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றிருக்கிறது. புகழ்பெற்ற கியோட்டோ அனிமேஷன் நிறுவனமும் 1981-இல் யோகோ ஹட்டா என்னும் பெண்மணி அண்டை வீட்டு இல்லத்தரசியரைக் கூட்டி, சித்திரத் தாள்களுக்கு வண்ணம் தீட்டும் கூலிப்பணியாகத் தொடங்கியதே. அடுக்களைப் பணி முடித்த கைகள் தீட்டிய வண்ணம் பின்னர் உலகையே ஈர்த்தது.

மாணவியர் எதைக் காண்கின்றனர்?

நம் மாணவியர் சிலரிடம் அவர்கள் விரும்பும் தொடர்களை எழுதித் தரும்படி வேண்டினோம். அவர்கள் தந்த பட்டியலில் இருந்தவற்றுள் சிலவற்றை நாமே அமர்ந்து கண்டோம். கண்டபின் நம் முன்முடிவுகள் சில தளர்ந்தன.

‘சைலர் மூன்’ தொடரை நவோகோ டகேயுச்சி எழுதினார். மருந்தியல் பயின்ற அவர் படைத்த கதை 1992 மார்ச்சில் தொலைக்காட்சிக்கு வந்து இருநூறு பகுதிகள் ஓடியது. அதன் தலைவி பதினான்கு வயதினள், தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குபவள், எளிதில் அழுபவள். வீரமும் அழுகையும் ஒருத்தியிடமே இருக்கலாம் என்று அத்தொடர் காட்டுகிறது. ‘கிகியின் விநியோகப் பணி’ எய்கோ கடோனோ என்னும் பெண் எழுத்தாளர் 1985-இல் எழுதிய நாவலைத் தழுவி ஹயாவோ மியாசாகி 1989-இல் எடுத்த படம். பதின்மூன்று வயதுச் சிறுமி வீட்டைவிட்டுப் புறப்பட்டு, அறியாத ஊரில் தன் உழைப்பால் வாழ முனைகிறாள், நடுவில் மனம் சோர்ந்து ஆற்றல் இழக்கிறாள், மீள்கிறாள். அந்நாவலாசிரியர்க்குச் சிறுவர் இலக்கியத்தின் உயரிய விருதாகிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 2018-இல் கிடைத்தது.

நட்சுகி டகாயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ தாயை இழந்து கூடாரத்தில் வாழும் மாணவியின் கதை. 2018-இல் வந்த ‘வயலட் எவர்கார்டன்’ தொடரில், போர்க்கருவியாக மட்டுமே வளர்க்கப்பட்ட பெண் பிறர்க்காகக் கடிதம் எழுதும் தொழிலை மேற்கொண்டு, அதன்வழி அன்பு என்னும் சொல்லின் பொருளைக் கற்கிறாள். 2023-இல் தொடங்கிய ‘அப்பாதிகரி டயரீஸ்’ தொடரின் தலைவி மருந்து அறிவு மிக்கவள். அரண்மனை அந்தப்புரத்தில் நிகழும் நோய்க்கும் நஞ்சுக்கும் காரணம் தேடிக் கண்டறிகிறாள். இவர்களுள் எவளுடைய கதையும் திருமணத்துக்காகக் காத்திருப்பதிலே தொடங்கி அதிலே முடிவதன்று. தொழில், தோழமை, கல்வி, துயர், தன்னைத் தான் அறிதல் ஆகியனவே கதைப்பொருள்.

இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். மாலைநேரத் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் இளம்பெண் பெரும்பாலும் மருமகள். அன்றேல் மருமகளாகப் போகிறவள். சிறுவர்க்கோ நம்மிடம் நல்ல செல்வம் இருந்தது, இருக்கிறது. 1947-இல் சென்னையில் தோன்றிய ‘அம்புலிமாமா’ தலைமுறைகள் பலவற்றை வளர்த்தது. தாரா, தூலிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் 1990-களிலிருந்து அழகிய படநூல்களைத் தந்து வருகின்றன. 2007-இல் சுட்டி டிவி வந்தபின் அயல்நாட்டுச் சித்திரக் கதைகள் தமிழ்க் குரலில் வீட்டுக்கு வந்தன. இன்று கல்லூரிக்கு வரும் மாணவியர் பலர் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களே. ஆனால் அச்சிறுமிக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் தமிழ்க் கதை நின்றுவிடுகிறது. குழந்தைக் கதைக்கும் குடும்பத் தொடருக்கும் இடையே ஆறேழு ஆண்டுகள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. அவ்வாண்டுகளில்தான் ஒரு பெண் தன் மனத்தோடு பேசக் கற்கிறாள். அப்பேச்சை அவள் ஆங்கில எழுத்தின் வழியே கற்கிறாள் என்றால், அதற்குப் பொறுப்பு அவளுடையதா, நம்முடையதா?

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. அது மகிழத்தக்கதே. எனினும் அது அரக்கரோடு நிகழும் வாட்போர்க் கதை. நமக்குப் பட்டியல் எழுதித் தந்த மாணவியருள் ஒவ்வொருவரும் தாம் விரும்பியவற்றை ஆங்கில எழுத்தைப் படித்தே கண்டதாகக் கூறினர்.

மதராஸில் அச்சேறிய கனவு

பெண்கள் கற்பனைக் கதை புனைவதும் அதனைப் பெண்கள் விரும்பிப் படிப்பதும் அயல்நாட்டு வழக்கம் என்று எண்ணிவிட வேண்டா. இந்நகரின் அச்சுத் தொழிலுக்கு அதில் நூற்றாண்டைக் கடந்த பங்குண்டு.

கமலா சத்தியநாதன் 1901-இல் மதராஸில் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். அவ்விதழில் 1905-இல் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் சிறுகதை வெளிவந்தது. அதை எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்னும் வங்காள முஸ்லிம் பெண்மணி. பள்ளிக்கூடம் செல்லாதவர், தமையனாரிடமும் தமக்கையிடமும் வீட்டிலிருந்தே எழுத்தறிவு பெற்றவர். அவருடைய கதையில் பெண்கள் ஆளும் நாடொன்று உண்டு. அங்கே பெண்கள் கற்கும் பல்கலைக்கழகம் ஒன்று வானத்து நீரைச் சேமிக்கிறது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைத் தேக்குகிறது. அவ்வெப்பத்தைச் செலுத்தியே பகைவர் படையை ஓட்டுகின்றனர். வானூர்தியில் பயணம் செய்கின்றனர். இன்று மாயக்கோல் ஏந்திய சிறுமியர் வானில் பறப்பதைக் கண்டு நகைப்போர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மதராஸில் அச்சேறிய அக்கதையை ஒருமுறை படித்தல் நன்று. ரொக்கேயா கனவோடு நின்றாரல்லர். 1909-இல் பாகல்பூரிலும் 1911-இல் கல்கத்தாவிலும் பெண்களுக்குப் பள்ளி நிறுவி, இறுதிவரை அதற்கே உழைத்தார். கற்பனை வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்பாருக்கு அவர் வாழ்வே தக்க விடை.

‘சுல்தானாவின் கனவு’ 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதனைத் தழுவி 2023-இல் முழுநீளச் சித்திரப் படம் ஒன்றும் வந்தது. அதை இயக்கியவர் இசபெல் எர்கெரா என்னும் ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி. கதை அச்சேறிய ஊர் நம் ஊர். அதற்குச் சித்திர வடிவம் தந்த நாடு ஸ்பெயின். இதை எண்ணுங்கால் நமக்குச் சற்றே நாணம் உண்டாகிறது.

தமிழிலும் முன்னோடிகள் உளர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் குழந்தைப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டவர். தம் முதற்படைப்பைத் தோழியிடம் சொல்லி எழுதுவித்தவர். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைப் படைத்தார். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் படைத்த முஸ்லிம் பெண்களுள் முன்னோடியாகிய அவருடைய நூலுக்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். ஏடுகளைத் தேடி அலைந்து சங்க நூல்களைப் பதிப்பித்த பேரறிஞர், இளம்பெண் ஒருவரின் முதல் நாவலைப் பொருட்படுத்திப் படித்து வாழ்த்தினார். ஆசிரியர் என்போர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நாமோ குறிப்பேட்டைப் பறித்து இழுப்பறையில் பூட்டினோம்.

மூத்தோர் கூறும் குறைகள்

மூத்தோரின் கவலைகளை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. அவற்றுள் உண்மை உண்டு.

முதலாவது, நாணம் குலையும் காட்சிகள். அனிமே என்னும் பெயரில் வருவன அனைத்தும் ஒரு தரத்தன அல்ல. பெண்ணுடலை வேடிக்கைப் பொருளாகத் தீட்டும் தொடர்கள் பல உள்ளன. சிறுமியர்க்குரியன, வளர்ந்த மகளிர்க்குரியன, ஆடவர்க்குரியன என்று அவை ஜப்பானிலேயே பிரித்து வெளியிடப்படுகின்றன. அப்பிரிவை அறியாத பெற்றோர் எல்லாவற்றையும் ஒருங்கே தடுக்கின்றனர். அன்றேல் எல்லாவற்றையும் ஒருங்கே விட்டுவிடுகின்றனர். நெல்லையும் பதரையும் பிரிக்க வேண்டுமாயின் முறத்தைக் கையில் எடுத்துத்தான் ஆகவேண்டும். மகள் காண்பதைத் தாயும் அருகிருந்து அரைமணி நேரம் காண்பாராயின், தடையுத்தரவு செய்யாததை அவ்வுரையாடல் செய்யும்.

இரண்டாவது, கைப்பேசியில் கழியும் நேரம். இக்குறையை நாம் முழுதும் ஒப்புகின்றோம். இரவு உறக்கம் கெட்டுக் காலை வகுப்பில் துவளும் மாணவியரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எந்தத் தேனும் அளவு மீறினால் நஞ்சே. ஆயினும் அளவை வகுப்பது வேறு, சுவையையே பழிப்பது வேறு.

மூன்றாவது, இவை அயல்நாட்டுக் கதைகள் என்பது. இக்குறையை மட்டும் நாம் ஏற்கவியலாது. அயல் கதையைத் தமிழாக்கித் தன்னதாக்கிக் கொள்ளுதல் நம் இலக்கிய மரபின் உயிர்மூச்சு. அதிலும் இசுலாமியத் தமிழ் இலக்கியத்தைப் பயில்வோர் இதை மறத்தலாகாது. அரபு, பாரசீக மொழிகளிலிருந்து கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் முனாஜாத்தும் தமிழுக்குள் வந்து தமிழாயின. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் ‘ஆயிரம் மசலா’ பாடினார். ‘நூறு மசலா’வில் வினாத் தொடுப்பவள் அறிவிற் சிறந்த ஓர் இளவரசி. அவளுடைய வினாக்களைத் தமிழ் மக்கள் அயலவளின் வினாக்கள் என்று தள்ளிவிடவில்லை.

ஜப்பானியரும் இவ்வழியே செல்கின்றனர். ‘டொமேட்டோ சூப்’ என்னும் புனைபெயருடைய படைப்பாளர் எழுதிவரும் படக்கதை ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிகழ்வது. பாரசீகத்தின் தூஸ் நகரில் அறிஞர் இல்லமொன்றில் அடிமைச் சிறுமியாக வளர்ந்து கல்வி கற்கும் சிதாரா, மங்கோலியரிடம் சிறைப்பட்டு அவர்தம் அரசவையை அடைகிறாள். மங்கோலிய அரசி தொரகெனேயின் அவையில் செல்வாக்குப் பெற்ற ஃபாத்திமா என்னும் பெண்ணை வரலாற்றாசிரியர் ஜுவைனி குறிப்பிடுகிறார். கதைக்கு மூலம் அக்குறிப்பே. இப்படக்கதை சித்திரத் தொடராகும் என்ற அறிவிப்பும் வந்தது. கற்ற அறிவு ஒன்றே கைப்பொருளாக, அடிமை நிலையிலும் நிமிர்ந்து நின்ற பெண்ணின் கதையை ஜப்பானியர் தேடிச் சென்று எடுத்துக்கொண்டனர். நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழவேற்காட்டிலும் நம் பாட்டிமார் வாழ்ந்த வாழ்வில் இத்தகைய கதைகள் இல்லாமலா போயின? கேட்பாரும் வரைவாரும் இல்லாமற் போயினர் என்பதே உண்மை.

நாம் செய்யத்தக்கன

மெரினாவின் எதிரே இராணி மேரி கல்லூரி 1914-இல் எழுந்தது. நீதியரசர் பஷீர் அகமது சயீதின் முயற்சியால் 1955-இல் தேனாம்பேட்டையில் மகளிர் கல்லூரி எழுந்தது. பெண்களின் கல்விக்கு இந்நகரம் இடம் தந்தது. அக்கல்வி பெற்ற பெண்களின் கற்பனைக்கும் இடம் தருவதே எஞ்சியுள்ள பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தமிழ்த் துறைகள் மனம்வைத்தால் போதும்.

மொழிபெயர்ப்புத் தாள் பயிலும் மாணவியர்க்கு ஆண்டுதோறும் பழைய பகுதிகளையே பயிற்சியாகத் தருகின்றோம். அவர்கள் விரும்பும் தொடரொன்றின் ஒரு காட்சியைத் தேர்ந்து, அதன் உரையாடலைத் தமிழாக்கச் சொல்லலாம். பதினாறு வயதுப் பெண்ணின் தயக்கத்தைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முட்டிமோதும்போதுதான் அவர்களுக்கும் நமக்கும் மொழியின் வலிமையும் வறுமையும் விளங்கும். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியலை அச்சித்திரங்களின் கண்களையும் கைகளையும் காட்டி நடத்தலாம். அன்றைய வகுப்பில் பின்வரிசையும் உறங்காது.

ஜப்பானிய இதழ்கள் செய்ததைப்போல், மாணவியரின் படக்கதைகளுக்குப் போட்டி வைத்துக் குறைநிறை கூறித் திருத்தலாம். பரிசுத்தொகையைவிடத் திருத்தம் பெரிது. கவிதைக்கும் கட்டுரைக்கும் பேச்சுக்கும் போட்டி வைக்கும் நாம், படக்கதையை ஏன் ஒதுக்கினோம்? சமுதாயப் பெரியோரும் புரவலரும் ஆண்டுக்கு ஒரு படக்கதை நூல் வெளிவரப் பொருளுதவி செய்வாராயின், பத்தாண்டுகளில் நம் பேத்தியர்க்கு ஓர் அடுக்கு நூல்கள் சேரும்.

2019 அக்டோபரில் ‘வெதரிங் வித் யூ’ என்னும் ஜப்பானியச் சித்திரப் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இரசிகர்கள் கையொப்பமிட்டு வேண்டியிராவிடில் அது இந்நாட்டுக்கு வந்திருக்குமோ என்பது ஐயமே. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் விழா நடந்தபோது, சித்திரத் தொடர் மாந்தரின் உடையணிந்து இளையோர் பலர் வந்தனர். தமக்கு வேண்டியதைக் கேட்கும் ஆர்வமும் ஆற்றலும் இளைய தலைமுறையிடம் உள்ளன. தமிழிடம் அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

ஆகவே, மாணவியர் காண்பது நன்றா, தீதா என்று கேட்பதற்கு முன், தமிழில் நாம் அவர்களுக்குக் கொடுத்தது என்ன என்று கேட்போம். ஒன்றைக் கொடுக்காமல் மற்றொன்றைப் பறிப்பது அறமாகாது.

அம்மாணவியின் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிட்டோம். வகுப்பில் வரைந்தது தவறுதான் என்று அவரும், படிக்காமலே பூட்டிவைத்தது தவறுதான் என்று நாமும் ஒப்புக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து அவர் மீண்டும் துறை அறைக்கு வந்தார். சிறுமியின் பேச்சு முழுவதையும் தமிழில் மாற்றி எழுதியிருந்தார். நான்கு இடங்களில் மட்டும் சொல் கிடைக்கவில்லை என்று கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார். அவற்றுள் இரண்டுக்குச் சொல் கண்டோம். மற்ற இரண்டும் இன்னும் வெறுமையாகவே உள்ளன. ஆயாவைக் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். அடுத்த ஆண்டு மலரில் அக்கதைக்கு எட்டுப் பக்கங்கள் ஒதுக்கி வைத்துள்ளோம்.